அடித்தண்ணீர்

கழிமுகக் காப்பகத்தில் அவனுக்கு வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அவனுடைய அக்கா எப்போதோ சொன்னது, எப்படியோ கசிந்து ஆபீஸ்வரை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் பொய்யும் இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் நடப்பான். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவான். பேச்சு முடிவதற்குள் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றிவிடும். இப்படிப்பட்ட மனுஷனுக்குத் தலையில் எழுதியிருந்தது காத்திருக்கும் உத்தியோகம்.

கழிமுகக் காப்பகத்தின் மேலாளர் என்றதும், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பறவைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மேலாளருக்குக் கவலையெல்லாம் முகத்துவாரம்தான். ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி, ஆறு கடலில் சேரும் வாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு மேலே மழை பெய்தால் வருகிற தண்ணீருக்குப் போக வழி கிடையாது. குளம்போலத் தேங்கி ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்று, கடலே ஒருநாள் பொங்கி வந்து மணல்மேட்டை உடைக்கவேண்டும். இல்லையென்றால் காப்பகம் பொக்லைனைக் கொண்டுவந்து வெட்டவேண்டும். எப்போது வெட்டுவது என்று சொல்லவேண்டியவன் சக்கரம்.

"இதுக்கு என்ன ஆராய்ச்சி? ஒரு மண்வெட்டி போதுமே" என்று கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். தேங்கிக் கிடப்பது ஒரே தண்ணீர் இல்லை. மேலே இருப்பது ஆற்றிலிருந்து வந்த புதுத்தண்ணீர். அதில் மீன் மூச்சு விடும். கீழே இருப்பது, வாய் அடைபட்ட நாளிலிருந்து அசையாமல் கிடக்கும் உப்புத்தண்ணீர். கிடந்து கிடந்து அதில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தால் மேல்தண்ணீர் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும், அடித்தண்ணீர்தான் மிஞ்சும். கழிமுகத்தில் வளரும் குஞ்சு மீன் அத்தனையும் மறுநாள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். சக்கரம் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒருமுறை அப்படி நடந்தது. அந்த நாற்றம் போவதற்குள் பழைய மேலாளர் போய்விட்டார்.

இந்த வருஷம் மேலே மழை கொட்டித் தீர்த்தது. கடலோ எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. தண்ணீர் நாளுக்கு நாள் ஏறி, கீழ்த்தெருவின் வடிகால் வழியாகப் பின்பக்கமாக வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்தது. அக்காவின் சலவைக் கடை கீழ்த்தெருவின் கடைசியில், கழிமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

கீழே கடை, மேலே வீடு; இடையில், ஒரு ஆள் திரும்பவே யோசிக்கவேண்டிய படிக்கட்டு. கடையில் மூன்று மெஷின்கள். இரண்டு சின்னவை. மூன்றாவது, தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக விழுங்கும் பெரிய மெஷின். அதை அக்கா "பெரியவர்" என்பாள். பெரியவர் வந்த பிறகுதான் அக்காவின் விரல்களில் வெடிப்பு ஆறியது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது அந்த வெடித்த விரல்கள்தான். அக்கா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று காலை அவன் போனபோது கடைத் தரையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மூலையிலிருந்த வடிகால் குழி, வாய்விட்டுப் பேசுவதுபோலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"வாங்க சார், வாங்க" என்றாள் அக்கா. கோபம் வந்தால்தான் அவனுக்கு இந்த மரியாதை கிடைக்கும். "ஊர்ல எல்லாரும் தண்ணியை ஊத்தித் துவைப்பாங்க. நான் தண்ணிக்குள்ள நின்னு துவைக்கிறேன்."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோக்கா."

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க. பூமி எங்கடா இருக்கு? தண்ணிக்கு அடியில இல்ல இருக்கு?"

பக்கத்து மரப்பட்டறைத் தச்சர் வாசலில் நின்றார். அவருடைய பட்டறை உயரமான மேடைமேல் இருந்தது. "என்கிட்ட நாலு ஆளு இருக்காங்கம்மா. பலகையைச் சாய்ச்சுப் போட்டு, உருளையை வச்சுத் தள்ளினா உங்க பெரியவரை எங்க மேடைக்கு ஏத்திடலாம். ஆனா இன்னைக்கே செய்யணும். விடியக்காலையில எல்லாரும் வெளியூர் வேலைக்குக் கிளம்பறோம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "பெரியவரைக் கிளப்பணும்னா பைப்பு, ஒயரு, தரையில முடுக்கின போல்ட்டு எல்லாத்தையும் கழட்டணும். விடுதிக்காரங்க விரிப்பு கேட்டு உயிரை வாங்கறாங்க. தண்ணி ஏறும்னா கழட்டறேன். வடியும்னா எதுக்கு இந்தப் பாடு? நீ சொல்லுடா. உனக்குத்தானே தெரியும்."

"அளந்து பார்த்துட்டு மத்தியானத்துக்குள்ள சொல்றேன்" என்று அவன் கிளம்பினான். தெருமுனை வரும்வரை நடந்தான், அதற்கப்புறம் ஓடினான்.

அளவெடுக்கும் படகை ஓட்டுபவருக்கு ஆமை என்று பெயர். சக்கரத்தையும் ஆமையையும் ஒரே படகில் ஏற்றிவைத்தது யாருடைய குறும்போ தெரியவில்லை. ஆமை துடுப்பை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து, அப்புறம் எடுப்பார். "அண்ணே, போலாம்ணே" என்பான் சக்கரம். "போய்க்கிட்டேதான் சார் இருக்கோம்" என்பார், படகு இன்னும் கரையில் கட்டிக்கிடக்கும்போதே.

அடித்தண்ணீரில் ஆக்சிஜனை அளக்க ஒரு முறை உண்டு. மீட்டரின் கேபிள் நுனியில் அளவெடுக்கும் குண்டு ஒன்று இருக்கும். அதைக் கழிமுகத்தின் ஆழமான பள்ளத்தில், கேபிள் தொய்யும்வரை இறக்கவேண்டும். தொய்ந்தால் குண்டு தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு சாண் தூக்கிப் பிடித்து, மீட்டரில் எண் நிலைக்கும்வரை காத்திருக்கவேண்டும். குண்டு சேற்றில் புதைந்தால் மேலே எடுத்துக் கழுவி, மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் சக்கரத்துக்கு ஆகிற காரியமா? வேலைக்கு வந்த முதல் வருஷமே அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். ஒரே ஒருமுறை ஒழுங்காக அளந்து, கேபிளில் ஓர் இடத்தில் மஞ்சள் நாடாவைச் சுற்றினான். நாடா தண்ணீர் மட்டத்தைத் தொட்டால் குண்டு அடியில் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். சேறும் இல்லை, தொல்லையும் இல்லை. தலைமை ஆபீஸ் டைரக்டர் அம்மாவே அதைப் பார்த்துவிட்டு, "மூளைக்காரன்தான்" என்றார்.

அன்றைக்குப் பள்ளத்துக்கு மேலே படகு நிற்கமாட்டேன் என்றது. ஆமை நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை வழக்கமான முடிச்சில் படகின் வளையத்தில் மாட்டினார். படகு நழுவியது. எடுத்து மறுபடி போட்டார். மறுபடி நழுவியது.

"என்னன்னே தெரியல சார், பிடிப்பு கிடைக்கல."

"நழுவினா நழுவட்டும்ணே. ஒரு நிமிஷ வேலை." சக்கரம் கேபிளை விட்டான். மஞ்சள் நாடா தண்ணீரைத் தொட்டது. மீட்டரில் எண் ஏறியது. ஏறி, நல்ல இடத்தில் நின்றது. அவனுக்குக் கண்ணை நம்பமுடியவில்லை, ஆனால் நம்பிவிட்டான். கேட்ட வரம் கிடைக்கும்போது அதைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

"அண்ணே, அடித்தண்ணி உயிரோட இருக்கு! வெட்டலாம்!"

கரை ஏறுவதற்குள் டைரக்டர் அம்மாவிடம் பேசிவிட்டான். "உன் அளவுதான் என் அளவு. பொக்லைனுக்குச் சொல்லிடு" என்றார் அவர். அடுத்த அழைப்பு அக்காவுக்கு.

"நாளைக்குக் காலையில வெட்டறோம்க்கா. சாயங்காலத்துக்குள்ள உன் கடைத்தரை காஞ்சிடும்."

"நிஜமாவாடா?"

"நிஜமாக்கா. பெரியவரைத் தொடாத. தச்சரை அனுப்பிடு."

அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். வானத்தில் பறப்பதுபோல வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை, பொக்லைன் மணல்மேட்டின்மேல் ஏறி, கடல் பக்கத்திலிருந்து கால்வாய் வெட்டிக்கொண்டு வந்தது. கழிமுகத்தை ஒட்டிய மணலைக் கடைசியாக எடுப்பதுதான் வழக்கம். அதை எடுத்ததும் தண்ணீர் தானே பாய்ந்து மீதியை அறுத்துக்கொண்டு போய்விடும். கீழ்த்தெருவே திரண்டு வந்து கரையில் நின்றது. ஈரச் சுவரும் ஈரப் பாயுமாக வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்கு அது பார்க்கவேண்டிய காட்சிதான். அக்கா வரவில்லை. விடுதித் துணியை முடித்துக் கொடுக்கவேண்டும் என்று பெரியவரை ஓடவிட்டிருந்தாள்.

சக்கரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணல்மேட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். கடைசி மணல் ஒரு கதவகலம்தான் பாக்கி. அந்த நேரத்தில் ஆமை கரையோரமாக நடந்து வந்தார். முகத்துவாரம் திறந்ததும் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, பள்ளத்தில் நங்கூரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தன்னை ஏற்றிக்கொள்ள வரச் சொல்லியிருந்தான் சக்கரம்.

"படகு நின்னுச்சாண்ணே?"

"இன்னைக்குக் கல்லு மாதிரி நின்னுச்சு சார். நேத்து நழுவினது ஏன்னு இன்னைக்குத்தான் உறைச்சுது. தண்ணி இவ்வளவு ஏறியிருக்கு, நான் பழைய முடிச்சுலயே கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். கயிறு எட்டல. முடிச்சை அவுத்துக் கூட விட்டேன், கப்புனு பிடிச்சுக்கிச்சு."

சொல்லிவிட்டு ஆமை சட்டையை உதறிக்கொண்டார். அவருக்கு அது நங்கூரக் கதை, அவ்வளவுதான். சக்கரம் நடையை நிறுத்திவிட்டான். பழைய முடிச்சு. எட்டாத கயிறு. அவனுடைய கேபிளில் மஞ்சள் நாடா, தண்ணீர் கீழே இருந்த காலத்தில் சுற்றியது. மட்டம் ஏறிவிட்டது; நாடாவும் மட்டத்தோடு சேர்ந்து ஏறியிருக்கும்; அதில் தொங்கும் குண்டும் ஏறியிருக்கும். நேற்று அவன் அளந்தது மேல்தண்ணீரை.

உடனே கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்தச் சில நொடிகள் அவன் மனசில் ஓடியது மீன் இல்லை. இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது ஓடியது. முகத்துவாரம் திறந்தால் அக்கா கடை காயும். மீன் செத்தால் இயற்கை என்று சொல்லலாம், வெயில் என்று சொல்லலாம், யார் வந்து கேபிளைப் பார்க்கப்போகிறார்கள்? பொக்லைனின் கை மறுபடி மேலே போனது. அது இறங்குவதற்குள் அவன் ஓடிப்போய் அதற்கு முன்னால் நின்றுவிட்டான்.

பொக்லைன்காரர் தலையை வெளியே நீட்டினார். "என்ன சார், சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?"

"நிறுத்துங்க! வெட்டாதீங்க!"

கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவன் காதில் எதையும் வாங்காமல் ஆமையை இழுத்துக்கொண்டு படகுக்கு ஓடினான். அந்தப் பள்ளத்தில் கேபிளை விட்டான். மஞ்சள் நாடா தண்ணீருக்குள் போனது. இன்னும் விட்டான். நாடா கண்ணுக்கே தெரியாமல் போன பிறகுதான் கேபிள் தொய்ந்தது. ஒரு சாண் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கால் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். எண் இறங்கியது, இறங்கியது, ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய் நின்றது. குண்டை மேலே எடுத்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

"செத்த தண்ணி" என்றார் ஆமை.

கரைக்கு வந்து டைரக்டர் அம்மாவை அழைத்தான். "மூடு. மூடிட்டு என்னை வந்து பாரு" என்று மட்டும் அவர் சொன்னார். பொக்லைன் வெட்டிய மணலையே திருப்பித் தள்ள ஆரம்பித்ததும் கூட்டம் கொதித்துவிட்டது.

"மீனுக்கு வீடு வேணும், எங்களுக்கு வேணாமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் இடுப்பில் குழந்தை இருந்தது.

நியாயமான கேள்வி. "நேத்து அளந்தது நான். தப்பா அளந்துட்டேன். வேற யாரையும் திட்டாதீங்க" என்றான். திட்டினார்கள். அவனைத்தான் திட்டினார்கள், வஞ்சனையில்லாமல்.

சலவைக் கடைக்குப் போகும் வழி அன்று நீண்டுகொண்டே போனது. அவன் நுழைந்தபோது பெரியவர் உறுமிக்கொண்டு சுழன்றுகொண்டிருந்தார். அக்கா முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "திறந்தாச்சா?" என்றாள் முகமெல்லாம் மலர்ந்து.

"இல்லக்கா."

முழுவதையும் சொன்னான். நாடாவைச் சொன்னான், கயிற்றைச் சொன்னான், பொக்லைனுக்கு முன்னால் நின்றதைச் சொன்னான். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் சுவிட்சை அணைத்தாள். பெரியவர் முனகிக்கொண்டே நின்றார்.

"தச்சரை..." என்று ஆரம்பித்தான்.

"அவர் விடியறதுக்கு முன்னாடியே போயாச்சு."

இருவருமாகச் சின்ன மெஷின்களை இஸ்திரி மேசைமேல் ஏற்றினார்கள். பெரியவரின் போல்ட்டுகளைக் கழற்ற அவன் தண்ணீருக்குள் மண்டியிட்டான். ஸ்பேனர் நழுவி விரலைக் கிழித்தது. கழற்றியும் விட்டான். ஆனால் பெரியவர் நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான், முதுகைக் கொடுத்துத் தள்ளினான், தெருவில் போனவர்களைக் கூப்பிட்டான். மணல்மேட்டிலிருந்து திரும்பியவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் மேலே பெய்த மழை சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்தது. தண்ணீர் மோட்டாரைத் தொட்டது. அப்புறம் மூடியது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்று அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தாள். அப்புறம், திட்டுகிற குரலில் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்: "வேற யார் சொல்லியிருந்தாலும் நேத்தே தூக்கியிருப்பேன்டா. நீ சொன்னதாலதான் விட்டேன்."

அடுத்த நாட்களில் அவன் நாடாவைப் பிய்த்து எறிந்துவிட்டு, தினமும் கேபிள் தொய்யும்வரை இறக்கி அளந்தான். சேறு பட்டால் கழுவினான். டைரக்டர் அம்மாவிடம் வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டான். கீழ்த்தெருவில் மணல் மூட்டை அடுக்கினான். அவன் கொடுத்த மூட்டையைச் சிலர் வாங்கவில்லை, தாங்களே போய் எடுத்துக்கொண்டார்கள். அக்கா மேல்வீட்டுக் குளியலறையில் விடுதி விரிப்புகளைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் போனால் பேசுவாள், சாப்பிடச் சொல்லுவாள். சார் என்று கூப்பிடவில்லை. அதுதான் அவனை அதிகம் வதைத்தது.

ஒருவழியாகக் கடல் எழுந்தது. அலைகள் மணல்மேட்டைத் தாண்டி விழுந்தன. புது உப்புத்தண்ணீர் கனத்து அடிக்குப் போய், செத்துக் கிடந்ததைக் கலக்கி எழுப்பியது. மீட்டரில் எண் ஏறியது. அவன் நம்பவில்லை. அந்தப் பள்ளத்தில் மறுபடி அளந்தான், அடுத்த பள்ளத்திலும் அளந்தான், ஆமையே "போலாமே சார்" என்று சொல்லும்வரை அளந்தான். அப்புறம்தான் பொக்லைனைக் கூப்பிட்டான்.

இந்தத் தடவை அக்கா வந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல்முறை. ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே மணல்மேட்டின்மேல் அவன் பக்கத்தில் நின்றாள். கடைசி மணல் சரிந்தது. தண்ணீர் மஞ்சளாகக் கடலுக்குள் பாய்ந்தது. பின்னால் கீழ்த்தெருக்காரர்கள் கைதட்டினார்கள். மட்டம் இறங்க இறங்க, ஓரத்தில் தெளிந்த ஆழமில்லாத நீரில் மணலே எழுந்து நகர்வதுபோல ஏதோ ஒன்று நகர்ந்தது. குஞ்சு மீன்கள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இத்தனையா?"

"இன்னும் நிறைய இருக்குக்கா."

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சார்" என்றாள் கடைசியில், "இதுல ஒண்ணாவது துணி துவைக்குமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "நான் துவைக்கிறேன்க்கா. பெரியவருக்குப் பதில் இன்னொருத்தர் வர்றவரைக்கும் தினமும் வர்றேன்."

அக்கா அவன் காலைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. "நீயா? சோப்பு போக அலசறதுக்குப் பொறுமை வேணும்டா."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்? காலையில சீக்கிரம் வா. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்காத."

ஈர மணலில் இறங்குவதற்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் மறுபடி வெடிக்க ஆரம்பித்திருந்தன. அவன் மெதுவாக நடந்தான்.